பொடி இட்லி பையின் மேலே இருக்கட்டும்

நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கட்டில் மேல் இரண்டு முதுகுப்பை. பக்கத்தில் மூன்று ஜீன்ஸ், ஒரு ஹேர் டிரையர், ஜரிகை வைத்த சுடிதார், புது டர்க்கி டவல் இரண்டு, மாப்பிள்ளையின் ஷூ. "அக்கா, ஜிப் போட மாட்டேங்குது, என்ன பண்றது?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதிலை வாட்ஸ்அப்பில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைப் போலத் தையில் தாலி கட்டிக்கொண்டு மாசியில் அந்தமானுக்குக் கிளம்புகிற சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் எங்கள் கதை. 2017 பிப்ரவரி. வர்தா புயல் அடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நம் தெருவில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டை அப்படியே கிடந்தது. நானும் மாமாவும் கல்யாணமாகி மூன்றாவது வாரம் கிளம்பினோம். காலை விமானம். போர்ட் பிளேரில் இறங்கியதும் அதே நாள் படகில் ஹேவ்லாக் தீவுக்குப் போய்விடலாம் என்று டிக்கெட் போட்டிருந்தோம். கணக்கில் இரண்டு மணி நேரம் இடைவெளி இருந்தது. விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். பெட்டி வர இன்னும் அரை மணி. துறைமுகத்துக்கு ஓடிப் போனால் படகு போய்விட்டது. டிக்கெட் பணமும் போச்சு.

படகுத்துறையில் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து நான் கத்தினேன். "உங்களால ஒரு டிக்கெட்ட ஒழுங்கா போட முடியல." அவர் பதிலே பேசவில்லை. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. முக்கால் மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம்தான் அவர் மெதுவாகக் கேட்டார்: "நாம காலையிலிருந்து ஏதாச்சும் சாப்பிட்டோமா?" அம்மா மிளகாய்ப்பொடி தடவி, வாழையிலையில் சுருட்டிக் கொடுத்த இட்லி என் பையின் அடியில் இருந்தது. அதன் மேல் மூன்று ஜீன்ஸ். எடுக்கச் சோம்பல்பட்டு விடியற்காலை மூன்று மணியிலிருந்து மத்தியானம் ஒரு மணி வரை இருவரும் வெறும் வயிறு. அந்தத் திட்டிலேயே பையைக் கவிழ்த்து, துணியெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, ஆளுக்கு ஐந்து இட்லி தின்றோம். ஆறாவது இட்லிக்குக் கை போனபோது சண்டை எதற்காக என்றே நினைவில்லை.

அதைத்தான் உனக்கும் சொல்கிறேன். புதுசாகக் கல்யாணமானவர்கள் பயணத்தில் போடுகிற சண்டையில் முக்கால்வாசி மனசுக்குள்ளிருந்து வருவதில்லை. பசி, தூக்கமின்மை, தோளில் பாரம், வெயில் ஆகிய நான்கிலிருந்துதான் வருகிறது. முதல் மூன்று நாள் இந்த நான்கையும் பார்த்துக்கொண்டால் போதும். மிச்ச நாட்கள் தன்னால் நன்றாகப் போகும்.

பை

ஆளுக்கு ஒரு பை, நாற்பது லிட்டருக்கு மேல் வேண்டாம். எடை எட்டுக் கிலோவைத் தாண்டக் கூடாது. விமானத்தில் பதினைந்து கிலோ அனுமதிக்கிறான் என்பதற்காகப் பதினைந்து கிலோ எடுத்துக்கொண்டு போகாதே. அதை விமானம் இரண்டு மணி நேரம்தான் சுமக்கும், மிச்ச நாள் முழுக்க நீதான் சுமக்க வேண்டும். படகில் ஏறும்போது, இறங்கும்போது, மணலில் அறை தேடி நடக்கும்போது, ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

ஜீன்ஸ் மூன்றையும் எடுத்து வெளியே வை. கடல் காற்றில் ஜீன்ஸ் காய்வதற்கு இரண்டு நாள் ஆகும், ஈர நாற்றம் பை முழுக்கப் பரவும். சீக்கிரம் காயும் மெல்லிய பேண்ட் இரண்டு, முழுக்கைச் சட்டை இரண்டு, பனியன் மூன்று, குளிக்க ஒரு முழுக்கை நீச்சல் உடை. டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் துணிக்கடை எதில் கேட்டாலும் கொடுப்பான். மடித்தால் கையளவு, உதறிக் கட்டினால் அரை மணியில் காய்ந்துவிடும். மாப்பிள்ளையிடம் சொல்லி இரண்டு கைலி எடுக்கச் சொல். அதைவிட உபயோகமான துணி தீவில் எதுவும் கிடையாது. மணலில் விரிப்பு, படகில் போர்வை, கடற்கரையில் துணி மாற்ற மறைப்பு, வெயிலில் தலைக்கு முக்காடு, லாட்ஜ் மெத்தை சுத்தமாக இல்லையென்றால் மேல்விரிப்பு. எங்கள் கைலி இரண்டும் அந்த ஏழு நாளில் ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்கவில்லை.

அடுக்கும் முறை முக்கியம். அடியில் கடைசி நாள் துணி. நடுவில் மருந்து. மேல் பாக்கெட்டில் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், ஈரத் துணி போட ஒரு பிளாஸ்டிக் கவர், மழைக்கோட்டு. இட்லிப் பொட்டலம் எல்லாவற்றுக்கும் மேலே. தேங்காய் எண்ணெய், ஊறுகாய், நெய் எல்லாம் கையில் கொண்டுபோகும் பையில் வைக்காதே. பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அவற்றை ஏற்றி அனுப்பும் பையில் வை.

பை தயாரானதும் ஒரு ஒத்திகை பார்த்துவிடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முழுப் பையோடு, இருவரும் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போங்கள். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு 2020இல் கிடைத்த நீலக்கொடிச் சான்று கோவளத்துக்கு 2021இல் கிடைத்தது. கடற்கரை சுத்தமாக இருக்கும். மணலில் ஒரு கிலோமீட்டர் நட. எந்தப் பட்டை தோளை அறுக்கிறது, எந்தச் செருப்பு கடிக்கிறது, யாருக்கு முதலில் மூச்சு வாங்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்து இரண்டு கிலோவைக் குறைப்பாய். இது நிச்சயம்.

தாலி, தங்கம், பெயர்

இதை யாரும் எழுத மாட்டார்கள், அக்காதான் சொல்ல வேண்டும். உனக்கு இன்னும் தாலி பிரித்துக் கோக்கவில்லை, மஞ்சள் கயிற்றில்தான் இருக்கிறது. நல்லதாகப் போயிற்று. அப்படியே போ. சங்கிலி, வளையல், நெக்லஸ் எதுவும் வேண்டாம். வங்கி லாக்கரிலோ அம்மாவிடமோ மாமியாரிடமோ கொடுத்துவிட்டுப் போ. மாமியாரிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு: "அத்தை, கடல்ல நகை வேண்டாம், பயமா இருக்கு." நேராகச் சொன்னால் அவர்களே சந்தோஷமாக எடுத்து வைப்பார்கள். சொல்லாமல் கழற்றி வைத்துவிட்டுப் போனால்தான் மனஸ்தாபம்.

கடல் தண்ணீரில் இறங்கினதும் விரல் சுருங்கும், மோதிரம் தானாகக் கழன்றுவிடும். கல்யாண மோதிரத்தைக் கடலில் விட்டவர்களை எனக்குத் தெரியும். இருவரும் மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெட்டி இறுக்கமாக இருந்தால் இருக்கட்டும், தளர்வாக இருந்தால் கழற்றிவிடு. மஞ்சள் கயிறு உப்புத் தண்ணீரில் ஊறினால் கழுத்தை அரிக்கும், மூன்றாம் நாள் சிவந்துவிடும். தினமும் நல்ல தண்ணீரில் அலசித் துடை. கைப்பையில் புதுக் கயிறு ஒன்றும் மஞ்சள் கிழங்கு ஒன்றும் வைத்துக்கொள். எனக்கு நான்காம் நாள் அது தேவைப்பட்டது.

அடுத்தது பெயர். டிக்கெட்டில் ஆதார் கார்டில் இருக்கிற பெயரே இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைச் சேர்த்துப் போட்டார்களே என்று அந்தப் பெயரில் டிக்கெட் எடுக்காதே. உன் ஆதாரில் அப்பா பெயர் இனிஷியலாக இருக்கிறதா, முழுசாக இருக்கிறதா என்று பார். விமானம், படகு, லாட்ஜ் மூன்றுக்கும் ஒரே மாதிரி கொடு. ஊர்ப் பெயரிலும் ஒரு குழப்பம் வரும். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஹேவ்லாக் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப். ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொல்வார், டிக்கெட்டில் புதுப் பெயர் இருக்கும். இரண்டும் ஒரே ஊர்தான், பதற வேண்டாம்.

மாதவிலக்கு தேதி நடுவில் வருகிறதென்றால் தள்ளிப்போடும் மாத்திரையைக் கடையில் நீயாக வாங்கிப் போடாதே. டாக்டரைக் கேட்டுத்தான். நாப்கின் தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்துக்கொள். சின்னத் தீவுக் கடையில் நீ கேட்கிறது கிடைக்காது.

மாசி நல்ல காலமா?

ரொம்ப நல்ல காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். மே மாத மூன்றாம் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் தொடுவது அந்தமானைத்தான். ஆடியில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்களே, அந்த மாதத்தில் அங்கே கடல் கொந்தளிப்பாக இருக்கும், படகுகள் அடிக்கடி ரத்தாகும். ஆகவே அதில் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். 2016 டிசம்பரில் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் சுமார் 1,400 சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். படகு எதுவும் ஓடவில்லை. கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டு வந்தன. அந்தக் காற்றழுத்தம்தான் வங்கக் கடலைக் கடந்து வந்து டிசம்பர் 12ஆம் தேதி நம் ஊர் மரங்களைச் சாய்த்த வர்தா. எங்கள் லாட்ஜ்காரர் அதைச் சொன்னபோது எனக்கு நம் தெருவின் மரம்தான் கண்ணில் வந்தது.

அதனால் எந்த மாதம் போனாலும் ஒரு விதி: கடைசி இரவு போர்ட் பிளேரில் இருக்க வேண்டும். ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகு பிடித்து மத்தியானம் சென்னை விமானம் ஏறலாம் என்று திட்டம் போடாதே. படகு ஒரு நாள் நின்றால் விமான டிக்கெட் இரண்டும் காற்றில் போகும்.

மாப்பிள்ளை கப்பலில் போகலாமா என்று கேட்டாராம். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் இருக்கிறது. ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், தேதியும் மாறிக்கொண்டே இருக்கும். பத்து நாள் லீவு போட்டவர்களுக்கு வேண்டாம். இன்னொரு தடவை போங்கள்.

முதல் மூன்று நாள்

கிளம்பும் நாள். தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு டாக்ஸி வேண்டாம். மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், நான்காவதாகத் திரிசூலம். இறங்கினால் ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம் விமான நிலையம், சுரங்கப்பாதை வழியாக நடந்தே போகலாம். முதுகுப்பைக்காரர்களுக்கு அதைவிட வசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டும் பராமரிப்புப் பணிக்காக வண்டிகளை ரத்து செய்திருக்கிறார்களா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்.

இறங்கிய அன்று எங்கேயும் ஓடாதே. எங்களைப் போல அதே நாள் படகு பிடிக்காதே. அறைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. ஒன்றை மட்டும் மனதில் வை: அங்கே கடிகாரம் நம் கடிகாரம்தான், சூரியன் வேறு. சென்னைக்குக் கிழக்கே 1,300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முன்னாலேயே விடியும், அதே அளவு முன்னால் இருட்டும். மாசியில் மாலை ஐந்தரைக்குச் சூரியன் மறைந்துவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து, குளித்து, பத்தரைக்குக் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தோடு போனால் பாதிப் பகல் போய்விடும். ஐந்தரைக்கு எழு, எட்டரைக்குத் தூங்கு. முதல் நாளே உடம்பை அதற்குப் பழக்கு.

சாயங்காலம் நடக்கத் தெம்பிருந்தால் செல்லுலார் சிறை. எந்த நாள் மூடியிருக்கும் என்று முன்னாலேயே பார்த்துக்கொள். 1896இல் கட்ட ஆரம்பித்து 1906இல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதைச் சுற்றி ஏழு சிறகு. இப்போது மிச்சம் மூன்றுதான். ஒரு சிறகின் அறைக் கதவு அடுத்த சிறகின் முதுகைப் பார்த்திருக்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். அந்த அறை ஒன்றுக்குள் நான் போய் நின்று கதவுப் பக்கம் திரும்பினேன். தாழ்ப்பாள் கதவில் இல்லை, உள்ளேயிருந்து கை எட்டாத தூரத்தில் சுவருக்குள் இருந்தது. மாமாவும் நானும் அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அங்கே போய் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்காமல் ஒரு மணி நேரம் அமைதியாகச் சுற்றிவிட்டு வா.

இரண்டாம் நாள் காலை படகு. தனியார் வேகப் படகில் ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் வரை. தனியார் படகு ஏசி போட்டு அடைத்திருக்கும். உனக்கு மகாபலிபுரம் பஸ்ஸிலேயே வாந்தி வரும். அரசுப் படகில் டிக்கெட் கிடைத்தால் அதை எடு, மேல்தளத்தில் காற்று வரும். எதில் போனாலும் வாந்தி மாத்திரை டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு அரை மணி முன்னால் போட வேண்டும். ஏறி, குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. படகின் நடுவில், பின்பக்கமாக உட்கார். போனைப் பார்க்காதே, தொடுவானத்தைப் பார். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. இரண்டு இட்லி சரியாக இருக்கும்.

ஹேவ்லாக்கில் இறங்கியதும் ஸ்கூட்டர் வாடகைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். லைசென்ஸ் அசல் இருக்கட்டும். வண்டியை எடுக்கும் முன் நான்கு பக்கமும் சுற்றி வந்து, ஏற்கெனவே இருக்கும் கீறல்களை வீடியோ எடு, அவர் குரலும் அதில் விழட்டும். இதைச் செய்யாததால் நாங்கள் செய்யாத கீறலுக்குப் பணம் கொடுத்தோம். ஹெல்மெட் இரண்டு கேட்டு வாங்கு.

மூன்றாம் நாள் காலை ஒன்றும் செய்யாதே. நிஜமாகத்தான் சொல்கிறேன். உன் அட்டவணையில் காலை ஆறு மணிக்கு காலாபத்தர், எட்டுக்கு எலிஃபென்ட் பீச், பதினொன்றுக்கு ஸ்கூபா என்று போட்டிருக்கிறாய். அதை அடித்துவிடு. கல்யாண வேலை, உறவினர் கூட்டம், மறுவீடு, விருந்து என்று ஒரு மாதமாக நீங்கள் இருவரும் சேர்ந்தாற்போல ஒரு காலையில் சும்மா உட்கார்ந்ததில்லை. அறைக்கு வெளியே ஒரு தென்னை இருக்கும், அதன் அடியில் டீ குடித்துக்கொண்டு உட்கார். மாப்பிள்ளை காலையில் பேச மாட்டாரா, பேசுவாரா என்றுகூட உனக்கு இன்னும் தெரியாது. மூன்று மணிக்கு மேல் கிளம்பி ராதாநகர் போ. 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்ன இடம். மணல் மாவு போல இருக்கும். சூரியன் மறையும்வரை இருந்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடு. வழியில் காடு, விளக்கு குறைவு.

யாருக்கு வேகம் குறைவோ அவர் வேகத்தில்தான் இருவரும் நடக்க வேண்டும். வேகமாக நடக்கிறவர் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து நிற்பதும், பின்னால் வருகிறவர் அதைப் பார்த்து எரிச்சல்படுவதும் எங்கள் இரண்டாம் நாள் முழுக்க நடந்தது. மூன்றாம் நாளிலிருந்து மாமா என் பின்னால் நடந்தார். அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை.

தண்ணீரில் இறங்கும்போது

நம் கடலில் ஏற்றவற்றம் பெரிதாகத் தெரியாது. அங்கே நீர்மட்டம் இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும். காலையில் குளித்த இடம் மத்தியானம் பாறையும் பவளமுமாகத் தலைநீட்டி நிற்கும், காலைக் கிழிக்கும். தினமும் காலையில் லாட்ஜில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று கேட்டுக்கொள். நீல் தீவில் இயற்கைப் பாறைப் பாலத்தைப் பார்க்க வற்றும் நேரத்தில்தான் போக முடியும். எலிஃபென்ட் பீச்சுக்குப் போகும் படகும் கடல் நிலவரத்தைப் பொறுத்ததுதான். பவளம் கீறினால் நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவி மருந்து போடு. சின்னக் கீறல்தானே என்று விட்டால் சீழ் வைத்துவிடும்.

உங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இடுப்புக்கு மேல் தண்ணீரில் போகாதே. உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் மட்டும் இறங்கு. முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே போகாதே. 2010இல் ராதாநகர் பக்கத்தில் நீருக்குள் முகமூடி போட்டு மிதந்துகொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை உப்புநீர் முதலை கொன்றது. அந்தப் பலகை சும்மா வைத்ததில்லை.

ஸ்கூபா செய்ய ஆசைப்படுகிறாய், செய். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கையைப் பிடித்து அழைத்துப் போவார். சளி, சைனஸ் இருந்தால் அன்று வேண்டாம். காது வலி தாங்காது. ஆஸ்துமா இருந்தால் படிவத்தில் மறைக்காதே. முக்கியமாக, ஸ்கூபா செய்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ஆகவே அதைப் பயணத்தின் நடுவில் வை, கடைசி நாளுக்குத் தள்ளாதே.

வெயில். எலிஃபென்ட் பீச்சில் இரண்டு மணி நேரம் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மீன் பார்த்தேன். முதுகு முழுக்க வெயில். அன்று ராத்திரி குப்புறத்தான் படுக்க முடிந்தது, பைப் பட்டையைத் தோளில் மாட்ட முடியவில்லை, என் பையையும் மாமாதான் சுமந்தார். முழுக்கை உடை போட்டுக்கொள். கிரீமைவிட அதுதான் நம்பகமானது, பவளத்துக்கும் கெடுதல் இல்லை. சாயங்காலம் மணல் ஈ கடிக்கும். ஒரு வாரம் அரிக்கும். முழங்கால்வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, முழு பேண்ட் போட்டுக்கொள்.

பணம், போன், பேச்சு

மொய்ப் பணத்தில் போகிறீர்கள், கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு நாளைக்கு ஒரு கவர் என்று ஏழு கவரில் பணம் போட்டுக்கொண்டு போனோம். அன்றைய கவரில் மிச்சமானால் அடுத்த கவரில் சேரும். குறைந்தால் அன்று மீன் வறுவல் கிடையாது. யார் அதிகம் செலவு செய்தார்கள் என்ற பேச்சே வரவில்லை. இப்போது எல்லாம் போனில் கொடுக்கிறோம் என்பாய். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு அந்தமானோடு இணைத்த பிறகு நெட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சின்னத் தீவில் சிக்னல் போகும்போது டீக்கடையில் நோட்டுதான் செல்லும்.

இரண்டு அம்மாக்களுக்கும் தினமும் ஒரே நேரத்தில் போன் பேசுங்கள். ராத்திரி ஏழு மணி என்று வைத்துக்கொள். அதைச் சொல்லிவிட்டால் மிச்ச நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

மொழிக்குப் பயப்படாதே. வங்காளம், இந்தி இரண்டுக்கும் அடுத்து அந்தமானில் அதிகம் பேசுவது தமிழ்தான். போர்ட் பிளேரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது, தோசைக்கடை இருக்கிறது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். சோறு, பருப்பு, மீன் குழம்பு என்று அவர்கள் வைக்கிற சாப்பாடு நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும். கடுகெண்ணெய் வாசனைதான் முதல் நாள் புதுசாக இருக்கும்.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். பாராட்டாங் தீவுக்குப் போகலாம் என்று டூர்க்காரர்கள் சொல்வார்கள். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்களைப் படம் எடுக்கவும், சாப்பிட ஏதாவது கொடுக்கவும் சட்டப்படி தடை. நம் வீட்டு வாசல் வழியாக தினமும் வண்டி வண்டியாக ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனால் நமக்கு எப்படி இருக்கும்? நாங்கள் போகவில்லை. நீயும் போகாதே.

இன்னொன்று, சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதையும் கடற்கரையிலிருந்து பொறுக்கி எடுத்து வராதே. வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு வரும், விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கொலு பொம்மைக்கு என்று அம்மா கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நாங்கள் கொண்டுபோன தண்ணீர் புகாத பை என் வீட்டு ஸ்டோர் ரூமில் ஆணியில் தொங்குகிறது. போனும் பர்ஸும் ஆதாரும் அதில் பத்திரமாக இருக்கும். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்துக் கொடு. சித்தி பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம், அவளும் கேட்டிருக்கிறாள்.